மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில் காபிக் கடை

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. முட்டிவலிக்கு நீ எழுதியிருந்த எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தேன். வலி அப்படியேதான் இருக்கிறது, வீடு முழுக்க வாசனை என்று உன் தங்கச்சி திட்டுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டின் முன்பக்கத்தை இடித்துவிட்டுப் பெரிய கம்பெனி ஒன்றின் காபிக் கடைக் கிளையை உன் பையன் எடுத்து நடத்தப்போகிறான், நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசுகிற இடமாக அது இருக்க வேண்டும் என்கிறான், பென்ஷனை வாங்கிக்கொண்டு ஊர்க் காபிக் கடையெல்லாம் சுற்றுகிறவன் நீ, யோசனை சொல் என்று எழுதியிருந்தாய். இடிக்கப்போவது எந்தத் திண்ணை என்று அவனுக்குச் சொன்னாயா? யார் யாரோ வந்து உட்கார்ந்து, உங்கப்பாவோடு ஊர்க்கதை பேசி, மோர் குடித்துவிட்டுப் போன திண்ணை. எதற்கு வந்தாய் என்று ஒருத்தரையும் அங்கே கேட்டதில்லை. அதை இடித்துவிட்டு அதையே கண்ணாடி போட்டுக் கட்டப் பிள்ளை கடன் வாங்குகிறான்!

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் நாங்கள் மூன்று பேர் இப்படி ஒரு கிளைக் கடையில் சாயங்காலம் போய் உட்காருவோம். ஆளுக்கு ஒரு காபி, அப்புறம் பேச்சுதான். முதல் நாள் அரை மணி நேரம் ஆனதும் ஒரு தம்பி வந்து மேசையைத் துடைத்தான். கால் மணி கழித்து மறுபடி துடைத்தான். நாலாவது தடவை துடைக்க அங்கே தூசிகூட இல்லை. “வேற எதாச்சும் வேணுமா சார்?” என்றான். அவன்மேல் கோபம் வரவில்லை, மேலே இருக்கிறவன் சொல்லிக்கொடுத்தது அது. அப்புறம் ஒரு பொண்ணு வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றே நாளில் எனக்குச் சர்க்கரை பாதி, பக்கத்தில் இருப்பவருக்குச் சூடு தூக்கலாக என்று தெரிந்துகொண்டாள். கூட்டமில்லாத நேரத்தில் அவரிடம் இன்கம்டாக்ஸ் பற்றிக்கூடக் கேட்பாள். அந்த மூன்று மாதமும் அது எங்கள் கடை. அவளை வேறு கிளைக்கு மாற்றினார்கள், நாங்களும் போவதை விட்டுவிட்டோம். நாற்காலி அதேதான், காபியும் அதேதான்.

உன் பையனுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். சோபா, விளக்கு, சுவரில் ஓவியம் எல்லாம் கம்பெனி அனுப்பிவிடும். ஆளைப் பிடித்து வைப்பது அவன் பாடு. சுற்றுவட்டாரத்து ஆட்களாகச் சேர்க்கட்டும், இரண்டு வருஷமாவது நிற்கிற மாதிரி சம்பளம் கொடுக்கட்டும்.

நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் நாம் ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோமே, பரிமாறுகிற தலைப்பாகைக்காரர் ஒருநாளாவது முறைத்திருப்பாரா? மத்திய அரசின் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலை போன தொழிலாளர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார். முதல் சங்கம் 1957இல் நீ இப்போது இருக்கும் பெங்களூரில்தான் அமைந்தது. பரிமாறுகிறவருக்கே கடையில் பங்கு, அதனால் முகத்தில் அவசரம் இல்லை. ஆனால் அந்தக் காலக் காபிக் கடையெல்லாம் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று பெருமூச்சு விடவும் முடியாது. அதே 1957இல்தான் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார்.

டீக்கடையைப் பற்றி நாம் கவிதையாகப் பேசுவோம். ஒரே தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிக்கிற பெஞ்ச், மாஸ்டர் டீ ஆற்றுகிற அழகு, அரசியல் சண்டை. என் தங்கைக்கு ஐம்பத்தெட்டு வயது, இதுவரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. இந்த ஏசி கடைகளில்தான் அவள் தோழிகளோடு ஒரு மணி நேரம் சத்தமாகச் சிரித்துவிட்டு வருகிறாள். ஏன் என்றேன். “அங்க பாத்ரூம் இருக்கு, யாரும் முறைச்சுப் பார்க்கிறதில்ல” என்றாள். சுத்தமான கழிவறையும், சாவி கேட்டு நிற்க வைக்காத கடைக்காரனும் இருந்தால் கடலூரில் பாதிப் பெண்கள் அவன் பக்கம்தான்.

வீடு, வேலையிடம் இரண்டும் போக மூன்றாவதாக ஓர் இடம் மனிதனுக்கு வேண்டும் என்று ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் எழுதினார். அந்த ‘மூன்றாம் இடம்’ நாங்கள்தான் என்று அமெரிக்கக் காபிக் கடைக் கம்பெனி ஸ்டார்பக்ஸ் சொல்லிக்கொண்டது. 2018 ஏப்ரலில் அதன் ஃபிலடெல்ஃபியா கிளையில், ஒருவரைச் சந்திக்கக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்கள் எதுவும் வாங்கவில்லை என்று போலீசைக் கூப்பிட்டார்கள். கைது, கண்டனம், மன்னிப்பு. வாங்காவிட்டாலும் உட்காரலாம் என்று விதி வந்தது. 2025 ஜனவரியில் அந்த விதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒரு சர்க்குலரில் வருகிற உபசாரம் இன்னொரு சர்க்குலரில் போய்விடும் மச்சான்.

இதற்கு நேர்மாறாக ஒன்றை இங்கேயே பார்த்தேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் அடித்ததே, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஒரு கிளைக் கடையில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மேலாளர் பையன் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாசல்வரை இழுத்து வைத்திருந்தான். தரையெல்லாம் ஒயர். மீன் விற்கிற அம்மா ஒருத்தி பட்டன் போனோடு நிற்கிறாள், அதற்கான மெல்லிசு பின் யாரிடமும் இல்லை. ஒரு காலேஜ் பையன் முழங்கால் தண்ணீரில் போய் எங்கிருந்தோ கொண்டுவந்தான். பால் கிடையாது, கறுப்புக் காபி மட்டும். நெட்வொர்க் இல்லாததால் ஜிபேயும் இல்லை. கையில் காசு இல்லாதவர்களின் பெயரையும் தொகையையும் அந்தப் பையன் டிஷ்யூ தாளில் எழுதி வைத்துக்கொண்டான். கம்பெனிக் கடையில் கடன் சொல்லிக் காபி குடித்தவன் நானாகத்தான் இருப்பேன்! மறுவாரம் பணம் கொடுக்கப் போனால் கல்லாவில் வேறொருவன். “பாயின்ட் ஏறும், போன் நம்பர் சொல்லுங்க சார்” என்றான்.

அப்புறம் ஒன்று. காலையில் பதினொன்று வரை இந்தக் கடைகள் காலியாகவே கிடக்கும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகளை அந்த நேரத்தில் உட்கார விடச் சொல். விலைப்பட்டியலில் டபரா டம்ளரில் சின்னதாக ஒரு ஃபில்டர் காபி, ஆட்டோக்காரர் கேட்டாலும் கூசாத விலையில், வைக்க முடியுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே கம்பெனியிடம் கேட்கட்டும்.

திண்ணையை முழுக்க இடிக்க வேண்டாம் என்றும் சொல். வடக்குப் பக்கத்தில் தூணோடு ஆறடி விட்டால் போதும், மேலே ஒரு ஃபேன். பில் உள்ளே உட்காருகிறவர்களுக்கு மட்டும். கம்பெனி டிசைனில் அது வராது என்பார்கள், கேட்டுத்தான் பார்க்கட்டுமே.

மாசி மகத்துக்கு வருவாய்தானே? தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம். இன்ச் டேப்பை நான் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்