கடன் பேரேடு குறித்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

அப்பா திதியன்றே பேசியிருக்கலாம். கூடம் நிறைய ஆட்கள். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், அதனால் யாருடைய பாக்கித் தொகையையும் சொல்லப்போவதில்லை.

நம் ஹார்டுவேர் கடையில், ஆயுத பூஜைக்குப் போடும் புதுக்கணக்கிலிருந்து மேஸ்திரிகள் பெயரில் கடன் கிடையாது. வீட்டுக்காரர் பெயரில்தான் பில், முப்பது நாள் தவணை. தாண்டினால் அடுத்த சரக்கு ரொக்கத்துக்கு. கோபம் வரும், வரட்டும். வீட்டுக்காரர் பைப்புக்கென்று கொடுத்த பணத்தை மேஸ்திரி அடுத்த சைட்டில் ஆள் கூலிக்குப் போட்டுவிடுகிறார். அந்த சைட் நின்றால் நம் பணமும் நிற்கிறது. வசூல் ஆனாலும் ஆகாவிட்டாலும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நாம் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். நமக்குச் சரக்கு தந்த கம்பெனிக்கு 180 நாளில் பணம் போகவில்லையா, அந்தக் கொள்முதலின் வரிக்காக நாம் கழித்துக்கொண்ட தொகையையும் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள்.

ஒரு மத்தியானம், ஒழுகுகிற பித்தளைக் குழாயை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். "புதுசுதான் வாங்கணுமாய்யா?" நீங்கள் குழாயின் தலையைத் திருகிக் கழற்றி, நைந்த வாஷரை ஆணியால் நெம்பி எடுத்தீர்கள். அந்த அளவு வாஷர் தீர்ந்திருந்தது. ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மாட்டிக் கொடுத்தீர்கள். அவர் சுருக்குப்பையைப் பிரித்தபோது "வெச்சுக்க ஆத்தா" என்றீர்கள். ஸ்கூல் யூனிஃபார்மோடு ஆணி மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடை என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

அவர் மகன் வீடு கட்டியபோது கடைசி ஸ்க்ரூ வரை நம்மிடம்தான் வாங்கினார். அந்த பில் உங்கள் பேரேட்டில் வரவாகாமலே கிடக்கிறது. கேட்டால் "அந்த ஆத்தா முகத்துக்காக" என்பீர்கள். வட்டி கட்டுகிறவள் நான் சித்தப்பா. வங்கியில் ஓ.டி.க்கு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடனுக்கு, கையெழுத்துப் போட்ட அன்று நீங்கள் ஊரில் இல்லை. அதை இத்தோடு விடுகிறேன்.

பரண் விஷயம் காதுக்கு வந்திருக்கும். பழைய இரும்புக் குழாய்க்கான ஜிஐ எல்போ, டியூப்லைட் சோக் எல்லாம் எடைக்குப் போட்டேன். கேட்காமல் செய்ததற்கு மன்னியுங்கள், கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டீர்கள். அட்டை பிரிக்காத ஃபேன்கள் மட்டும் இருக்கின்றன. 2023 ஜனவரியிலிருந்து மின் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் ஃபேனுக்குக் கட்டாயம், இவற்றில் அது இல்லை. "சரக்கு கெட்டா போகும்?" என்பீர்கள். கெடாது, முடங்கும். ஒரு லட்சம் ரூபாய் சரக்கு 25 சதவீத லாபத்தில் விற்றுத்தீர இரண்டு வருடம் என்றால் வருடத்துக்குக் கிடைப்பது 12,500. அதே லட்சம் 8 சதவீதத்தில் வருடத்துக்கு ஆறு தடவை புரண்டால் 48,000. சிபிவிசி பிளாஸ்டிக் பைப் அப்படித்தான் ஓடுகிறது. இந்தக் கணக்குப் போடும் விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான், அரிசி மண்டியை உதாரணம் காட்டி. நம் பரணுக்கு மட்டும் ஏன் அதைப் போட்டுப் பார்க்கவில்லை?

கடைக்கு வந்த புதுப் பையனுக்குக் குழாயின் மரை அளவு பார்க்கத் தெரியவில்லை. அரை இஞ்சா முக்காலா என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கிறான், கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் விரலை வைத்தே சொல்வீர்கள். காலையில் இரண்டு மணி நேரம் வந்து சொல்லிக்கொடுங்கள், சம்பளம் என்று நான் வாயெடுக்கமாட்டேன், செலவுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லாச் சாவி ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதைக் கேட்கவில்லை. பேரேட்டை மட்டும் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். யார் யார் நமக்கு எவ்வளவு பாக்கி என்று பூஜைக்குள் சரிபார்க்க வேண்டும்.