'அறிமுகமானார்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தமிழ்ப் பேசும்படத்தின் ஆரம்ப காலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், படங்களெல்லாம் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் டி.பி.ராஜலட்சுமி அம்மையாரைப் பற்றி மூன்றே வரி. அந்த மூன்றாவது வரியில், '1931-ல் காளிதாஸ் படத்தில் கதாநாயகியாக அறிமுகமானார்' என்று முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். உங்கள் பத்திரிகை மட்டும் என்று இல்லை, எங்கே பார்த்தாலும் இதே வார்த்தைதான், அதனால் உங்கள் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ரொம்ப நாளாக மனசில் கிடப்பதை எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. எங்கள் அப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூட லீவு நாட்களில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவேன். மேடையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து, பாதி வள்ளி திருமணத்தைத் தூங்கியும் பாதியைப் பார்த்தும் வளர்ந்தவன். மேடை ஏறி வந்தவர்களை 'அறிமுகம்' என்று எழுதினால் எனக்கு ஏன் சுருக்கென்று தைக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ராஜலட்சுமி அம்மையார் பிறந்தது 1911 நவம்பர் 11, திருவையாறு. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் வெளியானது 1931 அக்டோபர் 31. அதாவது இருபது வயது நிறைய இன்னும் பதினோரு நாள் பாக்கி. வயதைப் பார்த்தால் புதுமுகம் என்றுதான் தோன்றும். ஆனால் அதற்குள் அவர் எவ்வளவு தூரம் வந்திருந்தார்! ஏழெட்டு வயதிலேயே கல்யாணம் செய்துவைத்து, அது நிலைக்காமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த பிராமணக் குடும்பத்துப் பெண். அப்பா போன பிறகு அம்மாவோடு திருச்சிக்குப் பிழைக்கப் போய், பத்துப் பதினோரு வயதில் சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பெண் வேஷத்தையே ஆண்பிள்ளைகள்தான் கட்டினார்கள், பாய்ஸ் கம்பெனிகளில் மீசை முளைக்காத பையன்கள்தான் வள்ளியும் சீதையும். கும்பகோணம் பாலாமணி அம்மாள் மாதிரி ஒருசிலர் பெண்களாகவே மேடையை ஆண்டார்கள் என்றாலும், அக்கிரகாரத்திலிருந்து ஒரு சிறுமி அரிதாரம் பூசிக்கொண்டு வருவது என்றால், அந்த வீட்டோடு சொந்தக்காரர்கள் கை நனைப்பதை நிறுத்திவிடுவார்கள். என் காலத்திலேயே, 1970-களில்கூட, பள்ளிக்கூடத்தில் 'உங்கப்பா என்ன வேலை' என்று கேட்டால் அம்மா சொல்லிக்கொடுத்தபடி 'விவசாயம்' என்றுதான் சொல்வேன். அப்படியானால் 1920-களில் ஒரு பெண் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அங்கிருந்து ஒவ்வொரு கம்பெனியாக மாறி மாறி, சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்துவிட்டுப் போன பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன் என்று ஊர் ஊராக ஆடினார், பாடினார். எஸ்.ஜி.கிட்டப்பா மாதிரி குரலுக்குப் பேர்போனவர்கள் இருந்த மேடை அது, அந்த மேடையில் நின்று பேர் வாங்கினார். அப்புறம் கோவலன் உள்ளிட்ட மௌனப் படங்களிலும் நடித்தார். எனக்கு இதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும், குரலுக்காகவே ஜனம் கூடின ஒரு நடிகை, சத்தமே வராத ஒரு படத்தில் வாயசைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கெல்லாம் பிறகுதான் பம்பாயில் இம்பீரியல் கம்பெனிக்காரர் அர்தேஷிர் இரானி தமிழில் ஒரு பேசும்படம் எடுக்க, எச்.எம்.ரெட்டி டைரக்ட் செய்ய, ராஜலட்சுமியைக் கூப்பிட்டார்கள். ஏன் அவரைக் கூப்பிட்டார்கள்? முகத்துக்காக மட்டுமா?

இதற்குப் பதில் மேடையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். இலுப்பூர் பக்கம் ஒரு கோயில் திருவிழா, பத்து மணிக்கு மேல்தான் நாடகம் தொடங்கும், விடிய விடிய நடக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்பதே கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார், பபூன் (கோமாளி) இன்னொரு ஊர். மேடைக்குப் பின்னால்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். அன்றைக்கு வள்ளியாக வந்த அம்மாவுக்கு (நான் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன்) சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. மிளகு தட்டிப் போட்ட வெந்நீரைத் தம்ளர் தம்ளராகக் குடித்துக்கொண்டே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மை தீட்டிக்கொண்டிருந்தார். வள்ளி மேடைக்கு வருவதற்கு முன்னால் முதல் பாட்டை உள்ளே இருந்தபடியேதான் எடுக்க வேண்டும், குரல் முதலில் வரும், ஆள் அப்புறம்தான் வரும். எங்கள் அப்பா நிலைமையைப் பார்த்துவிட்டுச் சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பிடித்தார். பாடிக்கொண்டே படுதாவை விலக்கி வந்த சின்னம்மா, ஒரு சுற்றுச் சுற்றி ஆர்மோனியத்துக்கு முதுகைக் காட்டி நின்றபோது, பின்பக்கம் கையை வைத்து ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா சுருதியை ஏற்றினார், சின்னம்மா அடுத்த அடியை மேலே போய்ப் பிடித்தார். அதற்குப் பிறகு நாரதரோடு தர்க்கம் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேலே போனது. எதிராளி எந்தப் பாட்டில் மடக்குவார், எந்தக் கேள்வி கேட்பார் என்று முன்கூட்டி எதுவும் தெரியாது, சபையில் நின்றபடியே யோசித்து, தாளம் தப்பாமல், கடைசி வரிசையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் காலத்தில் மைக்காவது இருந்தது. ராஜலட்சுமி அம்மையார் ஆடிய 1920-களில் அதுவும் கிடையாது, தொண்டைதான் எல்லாம்.

இப்போது 1931-க்கு வாருங்கள். பின்னணிப் பாட்டு என்கிற சங்கதியே அப்போது இல்லை. யார் நடிக்கிறார்களோ அவர்கள்தான் பாட வேண்டும், நடிக்கும்போதே பாட வேண்டும், பக்கவாத்தியக்காரர்கள் கேமராவில் படாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள், படமும் சத்தமும் சேர்ந்தே பதிவாகும். பிசகினால் மொத்தமும் போச்சு. அதே வருஷம் அதே கம்பெனி எடுத்த, இந்தியாவின் முதல் பேசும்படமான ஆலம் ஆராவை, பக்கத்தில் ரயில் ஓடுகிற சத்தம் மைக்கில் விழுந்துவிடும் என்று பெரும்பாலும் ராத்திரியில்தான் எடுத்தார்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்து, ஒரே மூச்சில், தப்பில்லாமல் பாடி நடிக்க வேண்டும் என்றால் அதற்குத் தயாராக இருந்தவர்கள் யார்? நாடக மேடைக்காரர்கள்தான். பத்து வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தார் அந்தப் பெண். அந்தப் படத்தில் கதாநாயகன் தெலுங்கில் பேச, இவர் தமிழில் பதில் சொன்னார் என்பதை எல்லோரும் வேடிக்கையாக எழுதுகிறார்கள். எதிரே நிற்பவர் வேறொரு பாஷையில் பேசி முடித்ததும், இடம் பார்த்துத் தன் வசனத்தைத் தமிழில் எடுத்து, பாவமும் குறையாமல் காதல் காட்சி நடிப்பது எவ்வளவு பெரிய காரியம்! முன்பின் ஒத்திகை இல்லாமல் எந்த ராஜபார்ட்டோடும் நின்று பழகியிருந்ததால்தான் அது அவருக்குக் கைவந்தது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. காளிதாஸ் படத்தில் 'ராட்டினமாம் காந்தி கைபாணமாம்' என்று மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை ராஜலட்சுமி பாடினார், இதுவும் எல்லோருக்கும் தெரியும். சமஸ்கிருத மகாகவியின் கதைக்கும் காந்தி ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்குக் கேட்கிறார்கள். சினிமாவாகப் பார்த்தால் சம்பந்தம் இல்லைதான். மேடையாகப் பாருங்கள், எல்லாம் விளங்கும். வள்ளி தினைப்புனத்தில் கவண் வீசிக்கொண்டே தேசபக்திப் பாட்டைப் பாடுவாள், சபை எழுந்து நின்று கைதட்டும், மறுபடி பாடச் சொல்லும், அப்புறம் கதை தொடரும். பாஸ்கரதாஸின் பாட்டுகள் அப்படித்தான் ஊர் ஊராகப் போயின, போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயின. ராஜலட்சுமி அந்தப் பாட்டை பம்பாயில் கற்றுக்கொள்ளவில்லை, இங்கிருந்து கொண்டுபோனார். அதே படத்தில் தியாகராஜர் கீர்த்தனைகளும் பாடியிருக்கிறார், அது திருவையாற்று மண் அவருக்குக் கொடுத்தது. ஆக, அந்த முதல் பேசும்படத்தில் கேட்டதெல்லாம் பெரும்பாலும் நம்முடைய நாடகக் கொட்டகையின் சத்தம்தான்.

படப்பெட்டி சென்னைக்கு வந்தபோது சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து கினிமா சென்ட்ரல் தியேட்டருக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், வழியில் பூப்போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள் என்று சொல்வார்கள். புதுமுகத்துக்கா ஜனங்கள் தேங்காய் உடைத்தார்கள்? மேடையில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிப்போன குரல் ஒரு வெள்ளைத் துணியிலிருந்து கேட்கப்போகிறது என்றுதானே ஓடிவந்தார்கள். 1933-ல் கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தா கம்பெனியோடு சேர்ந்து வள்ளி திருமணம் எடுத்தபோதும் வள்ளி வேஷத்துக்கு ராஜலட்சுமிதான். படம் பிரமாதமாக ஓடியது. எங்கள் அப்பாயி சிறு பெண்ணாக இருந்தபோது டெண்ட் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்தவர். கதையைச் சொல்ல மாட்டார். 'வாயைத் தொறந்தா மணி அடிச்ச மாதிரி இருக்கும்டா' என்பார், ஆலோலம் பாட்டை இரண்டு வரி பாடிக் காட்டுவார், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்திருப்பது அந்த இரண்டு வரிதான், அதுவும் அப்பாயியின் குரலில்.

ஏனென்றால் வேறு எதுவும் மிச்சமில்லை. காளிதாஸ் பிரதி இல்லை. 1936-ல், இருபத்தைந்து வயதுவாக்கில், தானே எழுதிய கதையைத் தானே தயாரித்து, தானே டைரக்ட் செய்து, தானே நடித்தாரே மிஸ் கமலா, தென்னிந்தியாவில் ஒரு பெண் டைரக்ட் செய்த முதல் படம், அதுவும் இல்லை. பல பேர் அந்த மிஸ் கமலாவையும் திடீரென்று முளைத்த அதிசயம் மாதிரி எழுதுகிறார்கள். பதினோரு வயதிலிருந்து கம்பெனி எப்படி நடக்கிறது, சம்பளம் எப்படிப் பிரிகிறது, எந்தக் காட்சியில் ஜனம் கொட்டாவி விடுகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்த பெண்ணுக்கு ஒரு படத்தை நடத்துவது புதுசு இல்லை ஐயா. அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடமே அந்த நாடகக் கம்பெனிதான். அந்தப் பத்து வருஷத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை எழுதினால், எல்லாமே அதிர்ஷ்டம், யாரோ வாய்ப்புக் கொடுத்தார்கள் என்று ஆகிவிடுகிறது. ஒரு பெண் பாடுபட்டுச் சேர்த்த தொழிலை பம்பாய்க்காரர் தந்த அன்பளிப்பாக மாற்றிவிடுகிறோம்.

எனக்கு இரண்டு விண்ணப்பம். ஒன்று, அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது, 'நாடக மேடையில் புகழ்பெற்றிருந்த டி.பி.ராஜலட்சுமி' என்று தொடங்குங்கள், அது போதும். இரண்டாவதுதான் முக்கியம். படங்கள் போய்விட்டன, ஆனால் பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீஸ்களும் இன்னும் முழுக்கப் போகவில்லை. பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டி அடியில், பரண் மேலே, கல்யாணப் பத்திரிகைகளோடு சேர்த்துக் கட்டிவைத்த கட்டுகளில் கிடக்கின்றன, ரோஸ் கலர், பச்சைக் கலர் தாளில் அச்சடித்தது, தொட்டாலே உதிர்கிற நிலைமையில். எந்த ஊர், எந்தத் தேதி, என்ன நாடகம், யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட், டிக்கெட் எவ்வளவு என்று எல்லாமே அதில் இருக்கும். அந்தத் தாள்களிலிருந்துதான் அவருடைய அந்தப் பத்து வருஷத்தை ஊர் ஊராகத் திரும்பக் கட்ட முடியும். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்துவைத்ததில் தொடங்கியது, இந்த மாதிரித் தாள்களைத்தான் அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் பத்திரிகை திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை என்று எல்லாப் பக்கமும் போகிறது. வாசகர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், பழைய தாள் விலைக்குப் போட வேண்டாம், குப்பையில் எரிக்க வேண்டாம் என்று.

அப்பா இறந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு கட்டு இப்படித்தான் இருந்தது. வீடு வெள்ளையடிக்கும்போது செல்லரித்துவிட்டது என்று யாரோ எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள், நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். மிஞ்சியது அப்பா கைப்பட எழுதிய ஒரு பாட்டு நோட்டும், ஏழு நோட்டீஸும்தான். எல்லாமே 1960-க்குப் பிந்தியவை, ராஜலட்சுமி அம்மையார் பெயர் எதிலும் இல்லை. இருந்தாலும் வருகிற மாதம் சென்னைக்கு வரும்போது அவற்றை நூலகத்தில் கொடுத்துவிடப் போகிறேன். சின்னம்மா பெயர் அதில் நாலு இடத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆர்மோனியக்காரர் மகன்,
புதுக்கோட்டை