தேயிலைத் தூரில் பேனை கடையலாம்

ஆசிரியருக்கு,

தோட்டங்களில் பிடுங்கும் பழைய தேயிலைத் தூர்கள் அடுப்புக்கே போகின்றன. அந்த இறுகிய கட்டையில் அருமையான பேனை கடையலாம். மலையகப் பயிற்சி நிலையங்கள் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தொடங்குவோருக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மேசையில் பூட்டி மரம் கடையும் சிறிய லேத், கட்டையைக் கோத்துச் சுழற்றும் மான்ட்ரல் என்ற கம்பி, 7 மி.மீ. ட்ரில் பிட், வளையுளி, சாணைக்கல் போதும். கண்ணையும் மறைக்கும் முகக்கவசத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சிராய் கண்ணுக்குத்தான் பாயும்.

கட்டையை, அதன் துளைக்குள் ஒட்டும் பேனையின் பித்தளைக் குழாயைவிட 3 மி.மீ. கூட்டி வெட்டினால், ஒட்டியபின் முனைகளைச் சீவி நேராக்கலாம். துளைக்கும்போது பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை உதறாவிட்டால், சூடேறி மரம் வெடிக்கும். குழாயை அரத்தாளால் உரசிவிட்டே ஒட்டுங்கள். வழுவழுப்பில் பசை நிற்காது.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரக்காற்றில் மரம் லேசில் காயாது. காயாததைக் கடைந்தால் பிறகு சுருங்கி, குழாயின்மேல் மயிரிழைபோல் வெடிப்பு ஓடும். வாராவாரம் கட்டையை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றபிறகு கடையுங்கள்.

பேனை ஒரு பக்கம் தடித்து வந்தால் பெரும்பாலும் பிழை உளியில் இல்லை. நட்டை அதிகம் இறுக்கியதால் மான்ட்ரல் வளைந்திருக்கும். விரலால் இறுக்கினாலே போதும்.

இப்படிக்கு,
கடைசல் தொழிலாளி,
ஹட்டன்