மாடிக்கு இன்னொரு ரவுட்டர்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் ஸ்கிரீனைப் பார்க்க டாக்டர் இப்போதுதான் விட்டார். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு அடிக்கிறேன். பிழை இருந்தால் பழியைக் கண்மேல் போட்டுக்கொள்.

உன் மகள் மாடி அறையில் மீட்டிங்கில் இருக்கும்போது பாதியில் முகம் உறைந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை இறக்கி மாட்டினால் சரியாகுமா என்றும் கேட்டிருந்தாய். ஆகும். ஆனால் மாட்டும் முன் இதை முழுக்கப் படித்துவிடு. யோசிக்காமல் மாட்டி ஒரு வாரம் வீட்டில் திட்டு வாங்கியவன் நான்.

நான் செய்தது இதுதான். ஃபைபர் வந்து சேருகிற பெட்டியிலிருந்து (அதுவும் ஒரு ரவுட்டர்தான்) ஒரு கேபிளை இழுத்து, பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டில், அதாவது வீட்டுக் கருவிகளைச் செருகும் துளையில், செருகினேன். விளக்குகள் எரிந்தன. மாடியில் வைஃபை நான்கு கோடும் காட்டியது. மார்தட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் என் போனில் நெட் இல்லை, மனைவி போனில் இருந்தது. சாயங்காலம் அப்படியே தலைகீழ். இரண்டையும் அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் பழையபடி. லைன் கோளாறு என்று நினைத்து இணைப்புக் கொடுத்தவர்களோடு சண்டை வேறு போட்டேன். வந்த பையன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு பெட்டியும் அட்ரஸ் குடுக்குது" என்றான்.

நமக்கு இது புதிதில்லை. ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு குமாஸ்தாக்கள், ஆளுக்கொரு நோட்டு. ஒருவர் உனக்கும் இன்னொருவர் எனக்கும் ஒரே கட்டிலை எழுதிக் கொடுத்து, நாம் இருவரும் பெட்டியோடு வாசலில் முறைத்துக்கொண்டு நின்றோம். வீட்டில் ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு ஐபி எண்ணை ஒதுக்குவது டிஹெச்சிபி என்கிற குமாஸ்தா. எல்லா ரவுட்டருக்குள்ளும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முதலில் யார் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்த எண்ணைப் போன் வாங்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு, என் இரண்டு ரவுட்டருக்கும் சொந்த முகவரியும் ஒன்றே, 192.168.1.1. வெளியே போக வேண்டிய செய்தி சில நேரம் பழைய ரவுட்டரின் கதவைத் தட்டும். அதற்கு வெளியே போக வழி ஏது?

ஆகவே பழைய ரவுட்டரை மாடிக்குத் தூக்கும் முன்பே அதன் குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பிவிடு. ரீசெட் துளையில் ஊசியை விட்டு ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பழைய செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துவிடும். லேப்டாப்பை அதோடு மட்டும் கேபிளால் இணைத்து, பிரௌசர் வழியாக அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போ. உள்ளே போகும் முகவரியும் பாஸ்வேர்டும் அடியில் ஒட்டியிருக்கும். நான் அதைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். அந்த எழுத்தை எறும்புக்காக அடித்திருக்கிறார்கள். அங்கே 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' (எண் ஒதுக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் வசதி) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடு, பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டியதுதான். ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்று, டிஹெச்சிபியை அணை. கீழே இருக்கும் பெட்டியின் முகவரி வேறு வரிசையில் இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள். அது யாருக்கும் ஒதுக்காத எண்ணாகவும் இருக்கட்டும். பிறகு கீழே லேன் போர்ட், மேலே லேன் போர்ட் என்று கேபிளைச் செருகு. வெளி இணைப்புக்கான துளையான வேன் (WAN) போர்ட் காலியாகவே கிடக்கட்டும்.

வேன் போர்ட்டில் செருகினாலும் நெட் வரும், இரண்டும் வேறு வேறு எண் வரிசையில் இருக்கிறவரை. ஆனால் மாடி தனிக்குடித்தனம் போய்விடும். கீழே இருக்கும் பிரிண்டர் மேலே இருக்கும் லேப்டாப் கண்ணுக்குப் படாது. உனக்கு அது எதற்கு?

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணாதே. கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். நான் முதலில் இழுத்தது 100 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே இல்லை. வேகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்து, கடைசியில் கேபிள் முனையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பிகளில் பழுப்புக் கம்பி மட்டும் நுனிவரை போகாமல் நின்றிருந்தது. 100க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையை வெட்டி மறுபடி அடித்ததும் சரியாகிவிட்டது.

சுவரில் துளை போடச் சோம்பல்பட்டு, கேபிள் இல்லாமல் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கலாமா என்று யோசிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும். வேகம் பாதியாகும். மீட்டிங்குக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல் எண் மட்டும் வேறாக வை, கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்த ரவுட்டரோடு சேர்வது என்று முடிவெடுப்பது போன்தான். சில போன்கள் கீழே பிடித்த சிக்னலை விடாமல் இழுத்துக்கொண்டே மாடி ஏறும். வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகும். தொல்லை தொடர்ந்தால் கீழ்ப்பெட்டியின் சிக்னல் பலத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்.

இந்த வேலையில் ஃபைபர் கம்பியை மட்டும் தொடாதே. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ஒளி ஓடும் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அலமாரியைச் சுவரோடு தள்ளும்போது நான் அதை மடக்கிவிட்டேன். சிவப்பு விளக்கு, இரண்டு நாள் நெட் கிடையாது. முனையைக் கழற்றி உள்ளே வெளிச்சம் வருகிறதா என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல். இப்போது கண்ணைப் பற்றி நான் சொன்னால் நீ கேட்பாய் என்று நினைக்கிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே. ஏணியில் ஏறுவதை மகளிடம் விட்டுவிடு, நீ கீழே நின்று அதிகாரம் பண்ணு. மாட்டி முடித்ததும் மாடியிலிருந்தே வீடியோவில் கூப்பிடு. புதுக் கண்ணால் உன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

அன்புடன்,
ரகு