அரை மணியில் திரும்பு

அன்புள்ள கடைசிப்பக்கம்,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் கைவசம் இல்லை. சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. உன் கல்யாணத்துக்கு வராததற்கான திட்டு வாத்தியார் மூலமாகத் தவணை முறையில் வந்துகொண்டிருக்கிறது. உன் பங்கையும் அதோடு சேர்த்து அனுப்பிவிடு. இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

இனி விஷயம். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஓட்டம் பிடிக்கும், இருவருக்கும் புத்தகம் பிடிக்கும், சொல்லி வைத்து அமைந்தது மாதிரி என்று நாலு பக்கம் குதித்துவிட்டு, ஐந்தாம் பக்க ஓரத்தில் குறுக்குவாட்டில் ஒரு வரி கிறுக்கியிருக்கிறாய்: “என்ன, அவள்தான் என்னை விட்டுவிட்டு ஓடிவிடுகிறாள்.” நாலு பக்கத்தையும் ஒருமுறை படித்தேன். அந்த வரியை மட்டும் நாலு முறை படித்தேன். விளையாட்டாக எழுதின மாதிரி தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கணக்குப்படி அவள் சாவகாசமாக ஓடினாலே கிலோமீட்டருக்கு 6 நிமிஷம். நீ அதே சாவகாசத்தில் ஏழரை. இந்த ஒன்றரை நிமிஷத்தை மறைக்கத்தான் இரண்டு பேரும் தினமும் பாடுபடுகிறீர்கள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே ஓடுகிறாய். இல்லையென்றால் அவள் முடித்துவிட்டுத் திரும்பி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள். முதலாவது உன் காலுக்குக் கேடு. இரண்டாவது மீட்புப் படை வேலை. ஓடுகிற எவனுக்கும் அது பிடிக்காது.

முதலாவது ஏன் கேடு என்று சொல்கிறேன். அவளுடைய சாவகாச வேகம் உனக்குக் கடும் ஓட்டம். அதை வாரத்தில் நாலு நாள் செய்தால் நாலும் கடும் ஓட்டமாகிவிடும். இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். இப்போது கொஞ்சம் முடிகிறது என்று தோன்றுவதே ஆபத்தான கட்டம். மூச்சு “சரி” என்கிறது, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு “முடியாது” என்கிறது. வலி வந்தால் விரலால் தடவிப் பார். எலும்பின் உள்ஓரமாக நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட்டத்தைக் குறைத்து இரண்டு மூன்று வாரம் பொறு. ஒரே புள்ளியில், விரல்நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்தால், அதுவும் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. அது எலும்பில் விழுந்த கீறலாக இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வீரம் வேண்டாம்டா.

சரி, சேர்ந்து ஓடுவது எப்படி? தூரத்தைக் கணக்கு வைக்காதே, நேரத்தை வை. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கிளம்புங்கள். இருவர் கையிலும் கடிகாரம். சரியாக 30 நிமிஷம் ஆனதும் யார் எங்கே இருந்தாலும் அப்படியே திரும்ப வேண்டும். அவள் 5 கிலோமீட்டர் போயிருப்பாள், நீ 4. இப்போது அவள் உனக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். திரும்பும் வழி முழுக்க அவள் உன்னைத் துரத்துகிறாள். இருவரும் போன வேகத்திலேயே வந்தால் 60-வது நிமிஷம் வாசலில் ஒன்றாக வந்து நிற்பீர்கள். அவளுக்கு 10 கிலோமீட்டர், உனக்கு 8. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாரும் யாரையும் இழுக்கவில்லை.

இதில் கோளாறு வருவது பெரும்பாலும் உன் பக்கமாகத்தான் இருக்கும். அவள் கண்ணில் தெரியும்வரை விடக்கூடாது என்று முதல் பத்து நிமிஷம் விரட்டுவாய், திரும்பும்போது நொண்டுவாய், கடைசி கிலோமீட்டரில் அவள் உன்னைத் தாண்டிப் போய்விடுவாள். அப்படித் தாண்டினால் அவள் வேகமாக வந்துவிட்டாள் என்று அர்த்தமில்லை, நீ போகும்போது ஏமாந்துவிட்டாய் என்று அர்த்தம். வழி சமதளமாக இருக்கட்டும். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம் என்றிருந்தால் கணக்கு கெடும்.

குறிப்பிட்ட தூரம்தான் ஓட வேண்டும் என்கிற நாளில் இன்னொரு வழி: நீ முன்னால் கிளம்பு. எவ்வளவு முன்னால் என்பது தூரத்தை ஒன்றரையால் பெருக்கினால் வரும். 8 கிலோமீட்டருக்கு 12 நிமிஷம், 10-க்கு 15.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் தோளோடு தோள் ஓடுங்கள், அது உன் வேகத்தில். அவளுக்கு அது ஓய்வு ஓட்டம். முந்தின நாள் அவள் நீண்ட தூரமோ கடும் ஓட்டமோ முடித்திருந்தால் அது தேவையும்கூட. வேகத்தைக் குறைக்கிறேன் என்று அவள் ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போட்டால் முழங்கால் முனகும். அடியின் எண்ணிக்கையைக் குறைக்காமல் நீளத்தை மட்டும் குறைக்கச் சொல்.

அந்த ஓட்டத்தில்தான் உங்கள் இரண்டாவது பைத்தியம் உதவிக்கு வருகிறது. சாவகாச ஓட்டத்துக்கு ஆகச் சிறந்த அளவுகோல் பேச்சு. படிக்கிற நாவலைப் பற்றி முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடு. “அவன் ஏன் அந்த வீட்டை விற்கச் சம்மதித்தான் என்றால்” என்று ஆரம்பித்து வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடிந்தால் வேகம் சரி. மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் குறை. உனக்கு ஒரே ஒரு நிபந்தனை: அவள் அடையாளம் வைத்திருக்கிற பக்கம் வரைக்கும்தான் பேச வேண்டும். உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

ஏனென்றால் ஓட்டத்தில் அவள் உனக்குச் செய்வதாக நீ புலம்புவதை, படிப்பில் நீ அவளுக்குச் செய்துகொண்டிருக்கிறாய். நீயே எழுதியிருக்கிறாய்: ஒரே பிரதி, அவள் பென்சில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கிறாள், நீ இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டு “ஆச்சா, ஆச்சா” என்று கேட்கிறாய். அங்கே நீ முன்னால் ஓடிவிட்டுத் திரும்பி வந்து நிற்கிறாய். அதே மீட்புப் படை! இங்கும் பக்கக் கணக்கை விடு, நேரத்தை வை. இருவருக்கும் தினம் அரை மணி. ஆளுக்கு ஒரு புத்தகம், பாதி வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே புத்தகம்தான் வேண்டும் என்றால் அவள் முதலில், நீ பின்னால். அவளுடைய பென்சில் கோடுகள் உனக்குக் கிடைக்கும். அவசரமாகப் படிப்பவனை ஓரக்குறிப்பு மாதிரி நிறுத்தி வைப்பது வேறெதுவும் இல்லை. நீ பேனாவை எடுக்காதே. பென்சிலும் மெல்லிசாக, ஓரத்தில் நெட்டுக்கோடு மட்டும். வரிக்கு வரி அடிக்கோடு போட்டால் இரண்டாவது ஆளுக்கு அது புத்தகமாக இருக்காது, திருத்திய விடைத்தாளாக இருக்கும்.

ஒலிப்புத்தகம் பற்றிக் கேட்டிருந்தாய். தனியாக ஓடுகிற நாளில், சாவகாச ஓட்டத்தில் மட்டும் கேள். கடும் ஓட்டத்தில் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். அதே அத்தியாயத்தை மூன்று முறை பின்னால் தள்ளுவாய். ஏழெட்டுப் பேர், மூன்று தலைமுறை என்று போகிற நாவல் ஓட்டத்துக்கு ஆகாது. பயணக் கட்டுரை, தன்வரலாறு, ஏற்கெனவே படித்த புத்தகம், இவை ஆகும். வாரம் இரண்டரை மணி நேரம் ஓடினால் பத்து மணி நேரப் புத்தகம் நாலு வாரத்தில் முடிந்துவிடும். தெருவில் ஓடினால் ஒரு காதில் மட்டும் மாட்டு. எதிரே வருகிற வண்டி முகத்துக்கு முகம் தெரிகிற பக்கமாக ஓடு.

இரண்டு பழக்கமும் நேருக்கு நேர் மோதுகிற இடம் ஒன்று உண்டு. தூக்கம். விடிகாலையில் ஓட வேண்டும், ராத்திரி புத்தகத்தை வைக்க மனசு வராது. “இந்த அத்தியாயம் முடிந்ததும்” என்பது நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிற பொய். அத்தியாயத்தின் கடைசி வரி அடுத்ததற்கு இழுக்கத்தானே எழுதப்படுகிறது? அதனால் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்து, ஒரு காட்சி பாதியில் இருக்கும்போதே. மறுநாள் உள்ளே நுழைவதும் சுலபம். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி புத்தகம் படுக்கைக்கே வர வேண்டாம்.

ஷூ விஷயத்துக்கு வருகிறேன். ஜோடியாக ஒரே மாடலில் ஒரே நிறத்தில் வாங்கினீர்களாம், போட்டோ வேறு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் பாதம் அகலம், வெறுங்காலோடு நீ நடந்த ஈரத் தரையைப் பார்த்த எவனுக்கும் தெரியும். அவளுக்குப் பொருந்துவது உனக்கு ஏன் பொருந்த வேண்டும்? பாதம் சாயங்காலத்தில் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது போய், ஓடும்போது போடுகிற சாக்ஸோடு போட்டுப் பார். நின்றபடி, நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட ஓட்டத்தில் விரல் முன்னால் முட்டி முட்டி நகம் கறுத்து விழும். குதிகால் வழுக்கினால் சைஸைக் குறைக்காதே. லேஸ் துளைகளில் மேலே ஒன்று எப்போதும் சும்மா இருக்கும், பார்த்திருப்பாய். லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டுச் சின்ன வளையமாக்கு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்து முடி. குதிகால் அசையாது. வாங்கிய தேதியை ஷூவின் நாக்கில் மார்க்கரால் எழுதி வை. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதி செத்துவிடும், மேலே புதுசாகவே தெரிந்தாலும். சாக்ஸ் பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் கொடுக்கும். தொடை உரசும் இடத்தில் வாசலீன், உனக்கு மார்க்காம்பிலும். சிரிக்காதே, நீண்ட ஓட்டம் முடித்துக் குளிக்கப் போகும்போது என்னை நினைப்பாய்.

ஆனால் எனக்கு உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது வேறு. புத்தக அறையிலேயே ஷூவைக் காயவைக்கிறீர்களாமே! அட பாவி. நனைந்த ஷூவிலிருந்தும் துணியிலிருந்தும் போகிற ஈரம் எங்கே போகும் என்று நினைத்தாய்? மூடிய அறையில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிமீன் பூச்சி குடிவரும். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றி, வெளியே காற்றில் நிழலில் வை. வெயிலிலோ சூட்டிலோ வைத்தால் பசை விட்டுவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளிப் போடு, பின்னால் காற்று ஓட வேண்டும். இரண்டு பேர் புத்தகமும் சேர்ந்துவிட்டதால் பலகையைப் பார்: ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் நெருக்கமாக வைத்தால் 25, 30 கிலோ வரும். மரத்தூளை அழுத்திச் செய்த 18 மில்லிமீட்டர் பலகை என்றால் 70 சென்டிமீட்டருக்கு மேல் தாங்கல் இல்லாமல் விட்டால் நடுவில் தொங்கும். இரட்டைப் பிரதிகளில் யாருடையதைத் தள்ளுவது என்று சண்டை வேண்டாம். குறிப்பெழுதிய பிரதியை வைத்துக்கொண்டு சுத்தமானதைக் கொடுத்துவிடுங்கள். அதாவது உன்னுடையது எல்லாம் போகும்.

கடைசியாக, நீங்கள் இருவரும் ஓடப்போகிற அந்த அரை மாரத்தான். 21.0975 கிலோமீட்டர். இன்றைய வேகத்தையே பிடித்தால் அவளுக்கு 2 மணி 7 நிமிஷம், உனக்கு 2 மணி 38. கையைக் கோத்துக்கொண்டு கோட்டைத் தாண்ட வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய். அவள் என்ன ஆசைப்படுகிறாள் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. கேட்டாயா? 1967-இல், பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத பாஸ்டன் மாரத்தானில், கேத்ரின் சுவிட்சர் என்ற பெண் 261 என்ற எண்ணோடு ஓடியபோது அதிகாரி ஒருவர் அவரைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்ததும், கூட ஓடிய காதலர் அந்த மனிதரை இடித்துத் தள்ளியதும் உனக்குத் தெரியும், அந்தப் புகைப்படம் உலகப் பிரசித்தம். அதற்கப்புறம் நடந்ததை சுவிட்சரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்: அதே ஓட்டத்திலேயே இருவருக்கும் வாக்குவாதம், காதலர் கோபத்தில் முன்னால் ஓடிப் போய்விட்டார். அவர் சம்மட்டி எறிதல் போட்டிக்காரர், நீண்ட ஓட்டத்துக்குப் பயிற்சி இல்லை. கொஞ்ச தூரத்தில் நடந்துகொண்டிருந்தவரைத் தாண்டி சுவிட்சர் தன் வேகத்திலேயே போனார். அதனால் சேர்ந்தா, தனித்தனியா என்பதை முந்தின நாளே முடிவு செய்யுங்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மூச்சிரைக்கப் பேச வேண்டிய பேச்சு இல்லை அது. தனித்தனி என்றால் அவள் அரை மணி காத்திருப்பாள். வேர்வை ஈரத்தோடு நிற்க வேண்டாம், மாற்றுச் சட்டை ஒன்றும் மெல்லிய புத்தகம் ஒன்றும் அவள் பையில் வை. தண்ணீர் தாகத்துக்குக் குடி. வழியில் வைத்திருக்கிற ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் குடித்தே ஆக வேண்டும் என்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அது வெறும் மயக்கத்தோடு நிற்காது. புது ஷூ, புது சாக்ஸ் எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

வாத்தியாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. “ஓடவே தெரியாதவனுக்கு நாலு பக்கமா” என்று ஆரம்பிப்பார்.

அன்புடன்,
உன் பழைய பாக்கி

பி.கு: இது தங்கச்சிக்கு. அம்மா, புதுப் புத்தகம் வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பத்துப் பக்கத்தையும் சேர்த்து ஒரு பெரிய க்ளிப் போட்டுவிடு. நீ படித்து முடிக்கும்வரை அவன் கையில் அதை அவிழ்க்கக் கொடுக்காதே.