கூட்டம் எத்தனை மணிக்கு?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை அறுவை முடிந்து கொஞ்ச நாள் படிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், முதலில் என் மனைவிதான் வாசித்துக் காட்டினாள். நேற்றுதான் நானே எடுத்து நிதானமாகப் படித்தேன். விடுதியில் நாம் ஒரே மேசையில் எழுதிய காலத்துக் கையெழுத்து அப்படியே இருக்கிறது உனக்கு. அம்மா எழுந்து நடமாடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே பெரியவன் வேலையில் சேர்ந்துவிட்டான், சின்னவளுக்கு இது கடைசி ஆண்டு. நான் ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இன்னும் காலையில் மணி அடிக்கும் நேரத்துக்குக் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பள்ளியின் பெற்றோர் குழுவுக்குத் தலைவராக்கியிருக்கிறார்கள். பெற்றோர் பங்கேற்புக்கென்று அரசு மானியம் வந்திருக்கிறது, நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஒலிபெருக்கியும் நூறு நாற்காலியும் வாங்கிப் பெரிதாக ஒரு பெற்றோர் நாள் நடத்தலாம் என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டாய். நாற்காலி வாங்காதே. இத்தனை வருஷத்தில், உட்கார இடமில்லை என்பதற்காக வராமல் போன பெற்றோர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஒன்று சொல்கிறேன் கேள். நான் தலைமை ஆசிரியராக இருந்த முதல் பள்ளியில் மாதக் கூட்டம் காலை பதினொரு மணிக்கு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த நேரம், நானும் மாற்றவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? நாலைந்து பேர் வருவார்கள், பேசி முடிப்போம், தீர்மானப் புத்தகத்தை எழுதி வைப்போம். ஒரு குழு உறுப்பினர், ஒரு அம்மா, சாயங்காலம் வேலை முடிந்து அப்படியே வந்து ஜன்னல் ஓரமாக நிற்பார். "சார், எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்பார். பக்கத்தைத் திருப்பிக் காட்டுவோம், போட்டுவிட்டுப் போய்விடுவார். இப்படியே மூன்று வருஷம். ஒரு நாள் எனக்கே என்னவோ போலிருந்தது. "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "போடலேன்னா பிள்ளை பேரை எடுத்துடுவாங்களோன்னு போட்டேன் சார்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பதிவேட்டில் பெற்றோர் பங்கேற்பு நூறு சதவீதம். ஆனால் அந்த அம்மாவின் மனசில் இருந்தது பயம்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பணத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். கூட்டத்துக்கு வருவது காசில்லாத காரியம் என்று நாம் நினைக்கிறோம். மாதச் சம்பளக்காரனுக்கு அது ஒரு மணி நேர அனுமதி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் கூலி. கைக்குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், தூரமாக இருந்தால் பஸ் காசு. வசதியான பள்ளியில் பெற்றோர் சங்கம் தானாக நடக்கும், நன்கொடையும் தானாக வரும். பெற்றோர் குரல் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் இரண்டும் இருக்காது. அந்த இடத்தை நிரப்பத்தான் பொதுப் பணம். பெற்றோருக்குக் காசு கொடுத்தால் பாசம் விலைபோகும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பாசத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை, வந்ததால் போன கூலியைத்தான் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1965-ல் வந்த கல்விச் சட்டத்தின் கீழ், ஏழைப் பிள்ளைகள் அதிகமாகப் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசுப் பணம் போகிறது. அதில் 5 லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் கல்வி மாவட்டம், குறைந்தது 1 சதவீதத்தைக் குடும்பங்களின் பங்கேற்புக்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் 90 சதவீதம் பள்ளிகளுக்கே போய்ச் சேர வேண்டும். எதற்குச் செலவழிப்பது என்பதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. கூட்டத்துக்கு வர ஆகும் பயணச் செலவு, அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு, இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 1 சதவீதம் சின்னத் தொகைதான். ஆனாலும் தனியாகப் பெயர் போட்டு வைத்த பணம் சுண்ணாம்படிக்கப் போகாது பார்.

பணமும் தகவலும் வந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. உத்தரப் பிரதேசத்தில் ஜவுன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் ஒரு ஆய்வு நடந்தது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலான பொருளாதார அறிஞர்கள் செய்தது, 2010-ல் வெளிவந்தது. ஊரில் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவில்லை. சில கிராமங்களில் கூட்டம் போட்டு விவரம் சொன்னார்கள். சில இடங்களில் பிள்ளைகளின் வாசிப்பை ஊர்க்காரர்களே சோதித்துப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த இரண்டாலும் பள்ளியின் பக்கம் ஒரு மாற்றமும் வரவில்லை. மூன்றாவது வகைக் கிராமங்களில் ஊர் இளைஞர்களுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் முறையைப் பழக்கினார்கள். அங்கே மட்டும் வாசிப்பு முகாமுக்கு வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். "பங்கெடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஜனங்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. இன்ன வேலை, இன்ன நேரம், இப்படிச் செய் என்று கையில் கொடுத்தால் ஆள் வருகிறது.

இந்தோனேசியாவிலும் பள்ளிக் குழுக்களை வைத்துச் சோதித்தார்கள். மானியமும் பயிற்சியும் மட்டும் கிடைத்த இடத்தில் படிப்பில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. குழுவைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்து, ஊர் மன்றத்தோடும் இணைத்த இடத்தில் பிள்ளைகளின் தேர்ச்சி கூடியது. உன் குழுவில் எத்தனை பேரைப் பெற்றோர்களே தேர்ந்தெடுத்தார்கள்? நீ எழுதியதைப் பார்த்தால் பாதிப்பேர் தலைமை ஆசிரியர் கைகாட்டியவர்கள் மாதிரி இருக்கிறது. அதைக் கொஞ்சம் கவனி.

அப்புறம் வீட்டுக்குப் போவது. என் கடைசிப் பள்ளியில் செய்தது இதுதான். 1998-ல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ஆரம்பித்த ஒரு வழக்கம் பற்றிப் படித்திருந்தேன். ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராக, முன்கூட்டியே சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் வீட்டுக்குப் போவார்கள். அந்த நேரத்துக்கு ஊதியம் உண்டு. முதல் சந்திப்பில் மதிப்பெண் பேச்சு கிடையாது, பிள்ளையைப் பற்றி வீட்டில் என்ன ஆசை என்று கேட்பதோடு சரி. நாங்களும் பயணப்படி கொடுத்து ஆரம்பித்தோம்.

நான்காம் வகுப்பில் ஒரு பையன், வாசிக்கச் சொன்னால் வாயே திறக்க மாட்டான். வாசிக்கத் தெரியாது என்றே குறித்து வைத்திருந்தோம். இரண்டு டீச்சர்கள் அவன் வீட்டுக்குப் போனபோது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அட்டையில் இருந்த பெயரை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து, "இது காலையில, இது ராத்திரி" என்று பிரித்து வைக்கிறான். அப்பாவுக்கு இரவு வேலை, மாத்திரை அவன் பொறுப்பு. திரும்பி வந்து அந்த டீச்சர் என் அறையில் உட்கார்ந்து அழுதார். மறுநாளிலிருந்து வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்வதை விட்டு, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். மெல்ல மெல்லக் குரல் வந்தது. அந்த வருஷத் தணிக்கையில் எங்களைக் கேட்ட கேள்வி, "வீட்டுக்குப் போனதற்கு ரசீது எங்கே?" நாற்காலிக்கு ரசீது உண்டு, நண்பா. அதனால்தான் எல்லோரும் நாற்காலி வாங்குகிறார்கள். நீ முன்னாலேயே குழுவில் தீர்மானம் போட்டு, போகும் தேதியும் கையெழுத்தும் எழுத ஒரு நோட்டு வைத்துக்கொள். எங்களுக்கு இது தோன்றாமல் போய் ரொம்பச் சிரமப்பட்டோம்.

உன் தொகையில் நான் செய்வதானால், முக்கால்வாசியை ஒரு ஆளுக்குக் கொடுப்பேன். அந்தப் பகுதியிலேயே இருக்கும் ஒரு அம்மா, எல்லா வீடும் தெரிந்தவர், பகுதி நேரச் சம்பளத்துக்கு. வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவது, படிவம் நிரப்ப உதவுவது, பெற்றோர் சொல்ல பயப்படுவதைப் பள்ளியில் வந்து சொல்வது அவர் வேலை. மிச்சத்தைப் பயணத்துக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் வைப்பேன். இந்த ஆளை மானிய விதி அனுமதிக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். கண் தேறியதும் நேரில் வருகிறேன். அதற்குள் உன் அடுத்த கூட்டம் முடிந்திருக்கும். எத்தனை மணிக்கு வைத்தாய், யார் யார் வந்தார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்