ஊருக்குள் வந்து பேசும் நிலவியலாளரின் உழைப்பையும் கணக்கில் எடுங்கள்

பல்கலைக்கழக, கல்லூரி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊருக்கு வந்து பேசிய நிலவியல் உதவிப் பேராசிரியர் ஒருவரின் பதவி உயர்வுக் கோப்பு போன மாதம் திரும்பி வந்துவிட்டது. ஊர் ஊராகப் பேசியதற்கு அவர் இணைத்திருந்த கடிதங்களுக்கு மதிப்பெண் கிடையாதாம். அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது, "இனிமே வர முடியுமான்னு தெரியல டீச்சர்" என்றார்.

விதி உங்களுக்குத் தெரியும். 2018-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பதவி உயர்வுக்காக வெளியிட்ட புள்ளி அட்டவணைப்படி, கருத்தரங்கில் அழைப்பின் பேரில் பேசினால் வெளிநாட்டில் 7 புள்ளி, உள்நாட்டில் நடக்கும் சர்வதேசக் கருத்தரங்குக்கு 5, தேசிய அளவில் 3, மாநில அளவில் 2. ஊராட்சிப் பள்ளியின் வேப்பமரத்தடியில் பேசினால் எதுவும் இல்லை.

அந்த வேப்பமரத்தடியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பையில் கல் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்தார். ஒரு கல்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அதில் மின்னும் கருப்பு அபிரகத்தை லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார். எங்கள் ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் கலந்து பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு இதுபோன்ற கனிமங்களிலிருந்துதான் வருகிறது, பாறை வெடிப்பில் நெடுநாள் தேங்கும் தண்ணீரில் கரைகிறது, சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரென்றால் இன்னும் கூடுகிறது என்று விளக்கினார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்றார். அப்போது ஒரு அம்மா எழுந்து, "கொதிக்க வச்சா போயிடுங்களா?" என்று கேட்டார். போகாது, தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு தங்கிவிடும், காய்ச்சக் காய்ச்ச மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடும் என்றார். "இத்தனை வருசமா காய்ச்சித்தானே புள்ளைங்களுக்குக் குடுத்தோம்" என்றார் அந்த அம்மா. அவர் பேத்தியின் பற்களில் பழுப்புப் பட்டை இருக்கிறது. என் வகுப்பில் அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. பெரிய உதவிதான். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்களுக்குப் போர் தண்ணீர்தான் கதி. அதைக் காய்ச்சுவதில் பயனில்லை என்று எங்களுக்குச் சொன்ன முதல் ஆள் அவர். அதற்காக ஒரு நாள் தற்செயல் விடுப்பும் கைக்காசும் செலவழித்தார். இது கல்விப் பணி இல்லையென்றால் வேறு எது கல்விப் பணி?

ஊருக்குள் வந்து பேசுவதைப் பணியாகக் கணக்கில் எடுங்கள். அதைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் மலைகளைக் கிரானைட் பலகைகளாக அறுத்துக் கப்பலேற்றுகிறோம். குவாரித் திட்ட அறிக்கை வேண்டுமென்றால் நிலவியல் படித்தவரைத் தேடிப் போகிறோம். ஒகேனக்கல்லில் சுமார் 240 கோடி ஆண்டு வயதான கார்பனடைட் (பூமிக்கடியிலிருந்து வந்த குழம்பு இறுகி உண்டான, சுண்ணாம்பு போன்ற கார்பனேட் கனிமங்கள் நிறைந்த பாறை) இருக்கிறது. உலகத்திலேயே மிகப் பழைய கார்பனடைட்டுகளில் அதுவும் ஒன்று. பரிசல் ஏறப் போகும் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாறையை விற்க ஆள் வேண்டும், அதன் கதையைச் சொல்ல வருபவருக்கு மட்டும் சம்பளத்திலும் பதவியிலும் இடமில்லை என்றால், இளைஞர்கள் எதை நம்பி இந்த வேலைக்கு வருவார்கள்? பேசத் தெரிந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு கட்டுரை எண்ணிக்கையைத்தான் கூட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். பணிவாகவே கேட்கிறேன். இப்படிப் பேசப் போகும் நாளை ஆன் டூட்டியாகக் கொடுங்கள். பஸ் செலவையாவது கொடுங்கள். தலைமையாசிரியரோ ஊராட்சித் தலைவரோ தரும் கடிதத்தைப் பதவி உயர்வில் மதிப்பெண்ணோடு சேருங்கள். யுஜிசி விதியை உங்களால் மாற்ற முடியாது என்றால், மாற்றச் சொல்லி அங்கே எழுதுங்கள்.

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் அவரைக் கூப்பிட்டிருக்கிறது. அதற்கான அனுமதிக் கடிதம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டத்து ஆசிரியை ஒருவர்